ஆமை டேங்குக்கு கேனிஸ்டர் ஃபில்டர், 14 மாசம் ஓட்டிப் பாத்துட்டு எழுதறேன்

கேனிஸ்டர் ஃபில்டர், அதாவது டேங்குக்கு வெளிய வச்சு தண்ணிய சுத்தம் பண்ற மூடின டப்பா, அத வாங்கலாமா வேணாமான்னு யோசிச்சுட்டு இருக்கற ஆமை வீட்டுக்காரங்களுக்காகத்தான் இத எழுதறேன். மீன் வளர்க்கறவங்க எழுதின ரிவ்யூ எக்கச்சக்கமா இருக்கு, எல்லாத்துலயும் தண்ணி கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு, சூப்பர், 5 ஸ்டார்னு முடிச்சிருப்பாங்க. ஆனா மீனுக்கு சொல்ற கணக்கு ஆமைக்கு ஒத்து வராதுங்க. ஒரு ஆமை போடற கழிவு, அது கடிச்சுத் துப்பற சாப்பாட்டுத் துணுக்கு, உரிஞ்சு விழற ஓட்டுச் செதில் இதெல்லாம் சேர்த்தா ஒரு டேங்க் நிறைய மீன் போடறதவிட அதிகம். நான் இத ரெண்டு ஃபில்டருக்கு காசு குடுத்து தெரிஞ்சுக்கிட்டேன்.

எங்க வீட்ல இருக்கறது ரெட் இயர்டு ஸ்லைடர், கண்ணுக்குப் பின்னாடி செவப்புக் கோடு இருக்கும்ல, அது. பேரு குட்டிம்மா. வாங்கும்போது உள்ளங்கைல பாதிதான் இருந்தா, இப்ப ஆறு வயசு, ஓடு மட்டும் 7 இன்ச். பொண்ணு ஆமைங்கறதால இன்னும் வளருவா, 10 இன்ச்சுக்கு மேல கூட போகும். (நம்ம ஊர் நட்சத்திர ஆமைய யாராவது கம்மி விலைக்கு தர்றேன்னு சொன்னா வாங்கிடாதீங்க, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அத வீட்ல வச்சிருக்கறதே குத்தம்.)

டேங்க் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஆமை ஏறி வெயில் காயற மேடை வைக்கணும், எகிறி வெளிய வந்துடவும் கூடாது, அதனால ஒரு அடி உயரத்துக்குத்தான் தண்ணி, கணக்குப் போட்டா 170 லிட்டர் வருது. ஓட்டோட நீளத்துல ஒரு இன்ச்சுக்கு கிட்டத்தட்ட 40 லிட்டர்னு ஒரு கணக்கு சொல்வாங்க, அந்தக் கணக்குப்படி அவளுக்கு 280 லிட்டர் வேணும், நம்மகிட்ட இருக்கறது பத்தாது. இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா தண்ணி கம்மியா இருந்தா எந்த ஃபில்டர் போட்டாலும் அதுக்கு வேலை ரெண்டு மடங்கு.

கேனிஸ்டருக்கு முன்னாடி என்ன கதைன்னா, டேங்குக்குள்ளயே முக்கி வைக்கற சின்ன பவர் ஃபில்டர்தான் ரொம்ப நாள் ஓடுச்சு. கருப்பு டப்பா, உள்ள ஒரே ஒரு ஸ்பாஞ்ச். ஞாயித்துக்கிழமை கழுவி மாட்டினா செவ்வாய்க்கிழமை ஸ்பாஞ்ச் அடைச்சு மோட்டார் முனக ஆரம்பிச்சுடும். மூணு நாளைக்கு ஒரு தடவ மொத்தத் தண்ணியையும் எறைச்சுக் கொட்டி புதுசா நிரப்பறது, 2019ல லாரித் தண்ணிக்கு குடத்தோட நின்ன சென்னைல இருந்துக்கிட்டு அத செய்யறப்ப மனசு கெடந்து அடிச்சுக்கும். அப்படியும் நாத்தம் போகல. எங்க அத்தை ஹால்ல உக்காந்து காய் நறுக்கறவங்க, ஒரு நாள் அருவாமனைய தூக்கிக்கிட்டு பின்கட்டுக்கே போயிட்டாங்க, "நீ தப்பா நெனச்சுக்காதம்மா, எனக்கு கொமட்டுது" ன்னு சொன்னாங்க. அவங்க குட்டிம்மாவ திட்டினதே கிடையாது, அவங்களே அப்படி சொன்னதும் எனக்கு என்னமோ ஆயிடுச்சு.

அப்பதான் ஒரு கடைல தண்ணி தெளியற மருந்துன்னு ஒரு நீலக் கலர் பாட்டில் குடுத்தாங்க. பத்து சொட்டு விட்டேன், காலைல பாத்தா தண்ணி அப்படியே பளபளன்னு, பின்னாடி ஒட்டின பேப்பர்ல இருக்கற கோடு வரைக்கும் தெரியுது. அவ்ளோ சந்தோஷம் எனக்கு, போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். அதே வாரம்தான் குட்டிம்மாவோட கண்ணு ரெண்டும் வீங்க ஆரம்பிச்சுது. தெறக்க முடியாம மேடைலயே படுத்துக் கெடந்தா. டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனா அவர் மொதல்ல கேட்டது சாப்பாட்டப் பத்தி, ரெண்டாவது, "தண்ணில அமோனியா பாத்தீங்களா?" நான் தண்ணி சுத்தமாத்தான் சார் இருக்குன்னு போட்டோவ காட்டினேன். அவர் சிரிக்கல, கோவப்படல, "இது தெளிவா இருக்கும்மா, சுத்தமா இருக்கான்னு டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும்" னு மட்டும் சொன்னாரு.

அமோனியாங்கறது ஆமைக் கழிவுலயும் மிச்சச் சாப்பாட்டுலயும் இருந்து வந்து தண்ணில கரையற விஷம். அத பாக்க டெஸ்ட் கிட் வாங்கினேன். சின்ன கண்ணாடிக் குழாய்ல 5 மில்லி டேங்க் தண்ணி, ரெண்டு பாட்டில்ல இருந்தும் எட்டு எட்டு சொட்டு, மூடி குலுக்கிட்டு அஞ்சு நிமிஷம் வைக்கணும். மஞ்சளாவே இருந்தா அமோனியா இல்ல, பச்சை ஏற ஏற மோசம். நம்மளுது முதல் நிமிஷத்துலயே பச்சை அடிச்சுது, அஞ்சு நிமிஷம் முடியறப்ப வேப்பிலைக் கலர். அந்தக் கண்ணாடி மாதிரித் தண்ணில! அந்த மருந்து என்ன பண்ணுதுன்னா தண்ணில மெதக்கற துகளெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வச்சு கீழ உக்கார வைக்குது, அவ்ளோதான். கரைஞ்சு கெடக்கற அமோனியா அப்படியே இருக்கும். நம்ம வீட்டுப் பெரியவங்க கலங்கின தண்ணில படிகாரம் சுத்தறதும் இதே வேலைதான். சில பேர் ஆமை டேங்க்லயும் படிகாரம் போடச் சொல்றாங்க, தயவுசெஞ்சு போடாதீங்க, அது தண்ணியோட பிஎச்ச இறக்கிடும், அதாவது தண்ணில அமிலத்தன்மை ஏறிடும், ஆமை அந்தத் தண்ணியத்தான் குடிக்கவும் செய்யுது.

அதுக்கப்புறம்தான் கொளத்தூர் போனேன். சென்னைக்காரங்களுக்கு சொல்லவே வேணாம், கலர் மீன், டேங்க், மோட்டார்னு எது வேணும்னாலும் அங்கதான். நாலஞ்சு கடை ஏறி இறங்கினதுல ஒரு கடைத் தம்பி மட்டும் உக்கார வச்சு பேசினான். "அக்கா, ஆமைக்கு வாங்கறீங்கன்னா டப்பால போட்டிருக்கற லிட்டர நம்பி வாங்காதீங்க. உங்க தண்ணி 170 லிட்டரா, 400 லிட்டர் மீன் டேங்குக்குன்னு போட்டிருக்கறதப் பாத்து எடுங்க" ன்னான். அவன் கடைல வேலை பாக்கற பையன், பெரிய டப்பா வித்தா அவனுக்கு லாபம்னு கூட நாம நெனைக்கலாம், ஆனா அவன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஆமைக்கு டேங்க் தண்ணியவிட ரெண்டுல இருந்து மூணு மடங்கு பெரிய டேங்குக்கான ஃபில்டர்தான் போடணும்.

நான் வாங்கினது மணிக்கு 1400 லிட்டர் தள்ளும்னு போட்ட கேனிஸ்டர், மூணு தட்டு, மூடிக்குள்ளயே 9 வாட் யூவி லைட், மோட்டார் 35 வாட். ஆறாயிரத்து எண்ணூறு ரூபா ஆச்சு, ஹோஸ் பைப்பெல்லாம் சேர்த்து. பிராண்ட் பேர் போடல, ஏன்னா இதே டப்பா வேற வேற ஸ்டிக்கர்ல கடைக்குக் கடை வருது, நான் ஒரு பேர் சொல்லி நீங்க அதையே தேடி அலைய வேணாம்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு சுருக்கமா சொல்லிடறேன். டேங்குக்கு வெளிய, கீழ ஸ்டாண்டுக்குள்ள நிக்கற ஒரு மூடின வாளி மாதிரி. ஒரு ஹோஸ் வழியா அழுக்குத் தண்ணி இறங்கி அடிக்குப் போகும், அங்க இருந்து தட்டு தட்டா மேல ஏறி, மோட்டார் வழியா இன்னொரு ஹோஸ்ல டேங்குக்கு திரும்பும். அதனால அடித் தட்டுல பெரிய ஓட்டை ஸ்பாஞ்ச், அதுக்கு மேல மெல்லிசு ஸ்பாஞ்சும் வெள்ளைப் பஞ்சும், மேல் தட்டுல செராமிக் ரிங். இந்த வரிசைய மாத்திட்டீங்கன்னா செராமிக் ரிங்ல ஆமைக் கழிவு அப்பிக்கும், அப்புறம் அது எதுக்கும் உதவாது.

அந்த செராமிக் ரிங்குக்குத்தான் நாம காசு குடுக்கறோம். ஸ்பாஞ்ச் அழுக்கப் பிடிக்கும், கண்ணுக்குத் தெரியும். ரிங்ல இருக்கற கண்ணுக்குத் தெரியாத ஓட்டைல பாக்டீரியா குடியேறும், அதுதான் அமோனியாவ நைட்ரைட்டா மாத்தும், வேற பாக்டீரியா அந்த நைட்ரைட்ட நைட்ரேட்டா மாத்தும். நைட்ரேட் அந்த அளவுக்கு கெடுதல் இல்ல, வாரா வாரம் கொஞ்சம் தண்ணி மாத்தினா போயிடும். ஆனா பாக்டீரியா குடியேறி முழுசா வேலைய ஆரம்பிக்க நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். இத டப்பால எழுதல, கடைலயும் யாரும் சொல்லல.

அதனாலதான் வாங்கின மூணாவது வாரம் நான் அழாத குறை. முதல் வாரம் தண்ணி ஓரளவு தெளிஞ்சுது. ரெண்டாவது வாரக் கடைசில மூடியத் தெறந்து பாத்தேன், ஸ்பாஞ்செல்லாம் பழுப்பா வழவழன்னு இருந்துச்சு, சுத்தமா இருக்கட்டுமேன்னு எல்லாத்தையும், அந்த ரிங்கையும் சேர்த்து, மெட்ரோ வாட்டர் குழாய்ல நல்லா பீச்சிக் கழுவி மாட்டிட்டேன். மூணாவது நாள் தண்ணி பாலைக் கொட்டின மாதிரி வெள்ளை. குட்டிம்மா டேங்கோட அந்தப் பக்கம் நின்னா தெரியல. ஃபில்டர் போலி போலிருக்குன்னு கடைக்கு போன் போட்டு அந்தத் தம்பிய நல்லா கேட்டுட்டேன். அவன் பொறுமையா, "அக்கா, ரிங்க குழாய்ல கழுவினீங்களா" ன்னு கேட்டான். மெட்ரோ தண்ணில குளோரின் இருக்கும், ரெண்டு வாரமா கஷ்டப்பட்டு குடியேறின பாக்டீரியாவ அது கொன்னுடும். அமோனியா தேங்கும், தண்ணில மெதக்கற வேற பாக்டீரியா ஏகத்துக்கும் பெருகி அந்த வெள்ளைக் கலங்கல் வரும். அவன்கிட்ட மறுநாளே போன் பண்ணி சாரி சொன்னேன்.

இப்ப செய்யறது இதுதான். டேங்க்ல இருந்தே ஒரு பக்கெட் தண்ணி எடுத்து, அதுலயே ஸ்பாஞ்ச முக்கிப் பிழியறேன். அந்தத் தண்ணி கறுப்புக் காப்பி மாதிரி ஆகும், மூணு நாலு பிழி போதும், வெளுத்து எடுக்க வேண்டியதில்ல. வெள்ளைப் பஞ்ச தூக்கிப் போட்டுட்டு புதுசு வைக்கறேன், அது விலை ரொம்பக் கம்மி. செராமிக் ரிங்க தொடறதே இல்ல, நாலு மாசத்துக்கு ஒரு தடவ டேங்க் தண்ணில ஒரு அலசு, அதுவும் பாதி ரிங்க மட்டும், மீதிப் பாதி அடுத்த மாசம். சோப்பு, பாத்திரம் கழுவற லிக்விட், எதுவும் கிட்டயே வரக்கூடாது. இன்னொண்ணு, இதெல்லாம் சமையல்கட்டு சிங்க்ல செய்யாதீங்க. ஆமை உடம்புல சால்மோனெல்லா கிருமி சாதாரணமாவே இருக்கும், பாக்க ஆமை நல்லா இருந்தாலும் இருக்கும். அமெரிக்கால குழந்தைங்களுக்கு வந்துடுதுன்னு 4 இன்ச்சுக்கு சின்ன ஆமைய விக்கறதையே 1975ல தடை பண்ணிட்டாங்க. நான் பாத்ரூம்ல வச்சுத்தான் பண்றேன், என் பையன் ஆமையத் தொட்டான்னா சோப்பு போட்டு கை கழுவிட்டுத்தான் அடுத்த வேலை.

எப்ப கழுவணும்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? தேதி பாத்து கழுவ வேணாம், நான் ஒரு பக்கெட் கணக்கு வச்சிருக்கேன். 15 லிட்டர் பக்கெட்ட வெளிய வர்ற பைப்புக்கு கீழ பிடிச்சு, போன்ல டைம் பாக்கறது. புதுசா மாட்டின அன்னிக்கு பக்கெட் நிறைய சரியா ஒரு நிமிஷம் ஆச்சு, அப்படின்னா மணிக்கு 900 லிட்டர். டப்பால போட்டிருக்கறது 1400! ஏமாத்திட்டாங்களோன்னு நெனச்சேன், அப்படி இல்ல, அந்த 1400ங்கறது உள்ள ஸ்பாஞ்ச், வெளிய ஹோஸ் எதுவும் இல்லாம எடுக்கற கணக்கு. நம்ம வீட்ல தண்ணி ஹோஸ் வழியா இறங்கி ஏறணும், நடுவுல மூணு தட்டு இருக்கு. 900ன்னா கூட 170 லிட்டர் தண்ணி மணிக்கு அஞ்சு தடவ சுத்துது, ஆமைக்கு அது போதும். அஞ்சு வாரம் கழுவாம விட்டுட்டு பிடிச்சுப் பாத்தப்ப ஒன்றரை நிமிஷம் ஆச்சு, அதாவது 600 லிட்டர். அப்ப கழுவினேன். இப்பவும் ஒன்றரை நிமிஷத்தத் தொட்டா கழுவறதுதான், அது எனக்கு நாலுல இருந்து அஞ்சு வாரத்துக்கு ஒரு தடவ வருது. வாரா வாரம் ஸ்பாஞ்ச் பிழிஞ்ச கைக்கு இது எவ்ளோ பெரிய நிம்மதின்னு பவர் ஃபில்டர் வச்சிருக்கறவங்களுக்குப் புரியும்.

ரிசல்ட் சொல்றேன். ஆறாவது வாரத்துல இருந்து டெஸ்ட் குழாய் மஞ்சளாவே நிக்குது, இந்த 14 மாசத்துல ரெண்டு தடவதான் லேசா பச்சை காமிச்சுது, ரெண்டுக்கும் காரணம் இருக்கு, கீழ வர்றேன். நாத்தம் சுத்தமா இல்ல, கிட்ட போய் மோந்து பாத்தா மழை பேஞ்ச மண்ணு வாசனை மாதிரி வருது. அத்தை திரும்ப ஹாலுக்கு வந்துட்டாங்க, அருவாமனையோட. கண் வீக்கம் மருந்துலயும் தண்ணிலயும் சேர்ந்து சரியாச்சு, அப்புறம் வரல. தண்ணி மாத்தறது வாரத்துக்கு மூணு பக்கெட் மட்டும், அதுக்கு மொத நாளே பால்கனில தண்ணி பிடிச்சு வச்சுடறேன், குளோரின் போயிடும். அவசரம்னா ஆன்டி குளோரின்னு கடைல விக்கற உப்பு, சோடியம் தயோசல்பேட், அதுல ரெண்டு கல்லு. எடுத்த பழைய தண்ணி செம்பருத்திக்கும் ரோஜாவுக்கும், செடி என்னமா பூக்குது தெரியுமா! கீரைத் தொட்டிக்கு மட்டும் ஊத்தறதில்ல, அதே கிருமி பயம்தான்.

ஆனா முழுப் பெருமையும் ஃபில்டருக்கு குடுத்துட முடியாது. சாப்பாட்ட டேங்குக்குள்ள போடறத நிறுத்தினதுல பாதி அழுக்கு கொறஞ்சுது. ரெண்டு நாளைக்கு ஒரு தடவ ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்புல டேங்க் தண்ணிய ஊத்தி, குட்டிம்மாவ அதுல விட்டு சாப்பாடு போடறேன். அரை மணி நேரம், சாப்பிட்டு முடிச்சு அங்கயே போறதும் போயிடுவா, அலசி திரும்ப டேங்க்ல விட்டுட வேண்டியதுதான். ஒரு நாள் அந்த டப்புத் தண்ணிய உத்துப் பாருங்க, பெல்லட்டுங்கற உருண்டைத் தீனி கரைஞ்ச பொடி, இலைத் துணுக்கு, மேல எண்ணெய் படலம், இதெல்லாம் இத்தன நாள் டேங்க்லதான் போயிட்டு இருந்துச்சான்னு இருக்கும். காஞ்ச இறால் போட்டா அந்தப் படலம் இன்னும் அதிகம், அத எப்பவாவது ஒரு தடவைக்கு மேல குடுக்காதீங்க, அதுல சத்தும் பெருசா இல்ல. எல்லா ஆமையும் இடம் மாத்தினா சாப்பிடாது, பயந்த ஆமைன்னா டேங்க்லயே போட்டுட்டு பத்து நிமிஷத்துல மிச்சத்த வலைல அள்ளிடுங்க. அடியில பொடிக் கல்லு கொட்டியிருந்தீங்கன்னா எடுத்துடுங்க, சந்துல அழுக்கு தேங்கறது ஒரு பக்கம், ஆமை அந்தக் கல்ல முழுங்கிடும். நான் வெறும் கண்ணாடிதான் விட்டிருக்கேன், ஃபில்டர் பைப்பும் எல்லாத்தையும் உறிஞ்சிடுது.

யூவி லைட் பத்தி நிறைய பேர் கேக்கறாங்க. பச்சைத் தண்ணி, அதாவது தண்ணியே பச்சையா பாசிக் கலர்ல மாறுதுன்னா, அதுக்கு யூவி அருமையா வேலை செய்யும், மெதக்கற பாசி அந்த லைட்ட தாண்டிப் போறப்ப செத்துடும். எங்க டேங்குக்கு ஏப்ரல் மே மாசத்துல ஜன்னல் வெயில் விழும், போன வருஷம் பச்சை ஏறுச்சு, யூவி போட்ட ஒரு வாரத்துல போயிடுச்சு. கண்ணாடில ஒட்டிட்டு இருக்கற பாசிய அது ஒண்ணும் செய்யாது, அத சுரண்டித்தான் எடுக்கணும். அமோனியாவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மஞ்சள் கலங்கல்னா அதுக்கும் யூவி கிடையாது, ஒரு பை கார்பன், அதாவது கலர உறிஞ்சற கரி, வாங்கி மேல் தட்டுல ஒரு மாசம் வைங்க, தீந்ததும் தூக்கிப் போடுங்க. அந்த லைட்ட வெளிய எடுத்து எரியவிட்டுப் பாக்காதீங்க, கண்ணுக்கு ஆபத்து. ஆமைக்கு ஓடு கெட்டிப்பட மேல மாட்டற யூவிபி பல்பு வேற, இது வேற, ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு ஆகாது. நான் தினம் ஆறு மணி நேரம் மட்டும் போடறேன், பல்போட சக்தி ஒரு வருஷத்துல கொறைஞ்சுடும், எரிஞ்சுட்டேதான் இருக்கும் ஆனா வேலை செய்யாது.

இப்ப குறைக்கு வர்றேன்.

முதல் குறை, ஒழுகல். ஒன்பதாவது மாசம் கழுவி மாட்டிட்டு மார்க்கெட் போயிட்டு வந்தா ஸ்டாண்டுக்கு கீழ குளம். மூடிக்கு சுத்தி ஒரு ரப்பர் ஓ-ரிங் வரும், அது காஞ்சு போய் ஒரு இடத்துல மடிஞ்சு உக்காந்திருக்கு, அந்த நூல் அளவு சந்துல சொட்டிச் சொட்டி எட்டு லிட்டருக்கு மேல போயிருக்கும். அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் ஓ-ரிங்க விரலால சுத்தித் தடவிப் பாத்து, சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் தடவித்தான் மூடறேன். வாசலின் தடவச் சொல்வாங்க, ரப்பர் ஊதிப்போயிடும், வேணாம். கேனிஸ்டர ஒரு பிளாஸ்டிக் டப்புக்குள்ள நிக்க வச்சிருக்கேன், ஒழுகினாலும் தரைக்கு வராது. வயர பிளக்குக்கு நேரா இழுக்காம ஒரு வளைவு கீழ தொங்கவிட்டு அப்புறம் மேல ஏத்தி சொருகியிருக்கேன், தண்ணி வயர்ல வழிஞ்சாலும் வளைவுலயே சொட்டிடும், சுவிட்சுக்குப் போகாது. இத புது ஃபில்டர் வாங்கற அன்னிக்கே செஞ்சுடுங்க.

ரெண்டாவது, கூட வர்ற ரப்பர் கப். கண்ணாடில பைப்ப ஒட்டி நிறுத்தறதுக்கு நாலு கப் குடுக்கறாங்க, மீனுக்கு அது போதும். குட்டிம்மா மொத நாள் ராத்திரியே முட்டித் தள்ளி உறிஞ்சற பைப்ப சாய்ச்சுட்டா. பைப் வாய் தண்ணிக்கு மேல வந்தா காத்து இழுத்து மோட்டார் சும்மா சுத்தும், சூடாகிப் போயிடும். டேங்க் விளிம்புல மாட்டற மாதிரி பிவிசி பைப்புல ஒரு கொக்கி செஞ்சு கட்டிட்டேன், அதுக்கப்புறம் அசையல.

மூணாவது ஃபில்டரோட தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா நம்ம ஊர்ல இத யோசிச்சே ஆகணும், கரண்ட். அந்த பாக்டீரியா மூச்சு விட ஆக்சிஜன் வேணும், தண்ணி ஓடிட்டே இருந்தாத்தான் கிடைக்கும். மூடின டப்பா, தண்ணி நின்னு போச்சுன்னா சில மணி நேரத்துல உள்ள இருக்கற ஆக்சிஜன் தீந்துடும். மாசாந்திர ஷட்டவுன்னு காலைல 9ல இருந்து மத்தியானம் 2 வரைக்கும் எடுப்பாங்கல்ல, அப்படி ஒரு நாள் நான் வீட்ல இல்ல, 2 மணிக்கு கரண்ட் வந்து மோட்டார் தானா ஓட ஆரம்பிச்சு, உள்ள அழுகின தண்ணிய மொத்தமும் டேங்குக்குள்ள தள்ளிடுச்சு. வீட்டுக்குள்ள வர்றப்பவே அழுகின முட்டை நாத்தம். அன்னிக்குத்தான் முதல் பச்சை. ரெண்டாவது பச்சை, மழைல ஒரு ராத்திரி முழுக்க கரண்ட் போனப்ப. இப்ப ஷட்டவுன் மெசேஜ் வந்தா முன்னாடியே பிளக்க பிடுங்கிடறேன். கரண்ட் வந்ததும் மூடியத் தெறந்து அந்தத் தண்ணியக் கொட்டிட்டு, ரிங்க டேங்க் தண்ணில ஒரு அலசு அலசி, அப்புறம்தான் ஓட விடறேன். ரெண்டு மணி நேர கட்டுன்னா இவ்ளோ தேவையில்ல. இன்வெர்ட்டர் இருக்கறவங்க மோட்டார அதுல குடுத்துடுங்க, 35 வாட்தான்.

கரண்ட் பில்லும் கேப்பீங்க. 35 வாட் 24 மணி நேரம்னா ஒரு நாளைக்கு முக்கால் யூனிட்டுக்கு கொஞ்சம் மேல, ரெண்டு மாச பில்லுக்கு 50 யூனிட். நமக்கு 100 யூனிட் இலவசம், அதுல பாதிய குட்டிம்மா எடுத்துக்கறா. ராத்திரி நிறுத்தி வைக்கலாமான்னு எங்க வீட்டுக்காரர் கேட்டாரு, மேல சொன்ன அதே காரணத்துக்காக நிறுத்தவே கூடாது. சத்தம் பெருசா இல்ல, ஃபேன் ஓடினா கேக்காது. தண்ணி மட்டம் இறங்கினா மட்டும் திரும்பி விழற தண்ணி சலசலன்னு கேக்கும், எனக்கு அது பிடிச்சிருக்கு, தண்ணில காத்தும் கலக்கும்.

யாருக்கு இது வேணாம்னு கேட்டா, 2 அடி டேங்க்ல சின்னக் குஞ்சு வச்சிருக்கீங்கன்னா இப்போதைக்கு இவ்ளோ செலவு வேணாம், இழுவை வேகத்துல குஞ்சு தெணறும். ஒரு நல்ல ஸ்பாஞ்ச் ஃபில்டர், தனி டப்புல சாப்பாடு, வாரம் ரெண்டு தடவ கொஞ்சம் தண்ணி மாத்தினா போதும், 4 இன்ச் வந்ததும் வாங்கிக்கோங்க. கை நிறைய காசு இருக்கறவங்க இன்னும் பெரிய இம்போர்ட்டட் கேனிஸ்டர் வாங்கலாம், நான் ஓட்டிப் பாக்கல. 4 அடி டேங்க், ஒரே ஆமைன்னா நான் வாங்கின சைஸ் தாராளமாப் போதும், 5க்கு 4 குடுப்பேன், அந்த ஒண்ணு ஓ-ரிங்குக்கும் ரப்பர் கப்புக்கும் சேர்த்து கொறச்சது. இதுவும் ஓட்டறதுக்கு பொறுமை இல்லாம, ஆமை பெருசாயிடுச்சு நாத்தம் தாங்கலன்னு கோயில் குளத்துலயோ ஏரிலயோ கொண்டு போய் விடறாங்க பாருங்க, அத மட்டும் செய்யாதீங்க. இது வெளிநாட்டு ஆமை, நம்ம குளத்து ஆமையோட எடத்தையும் சாப்பாட்டையும் பிடிச்சுக்கும். முடியலன்னா வளர்க்கத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட குடுங்க.

தீபாவளிக்கு 5 அடி டேங்க் சொல்லியிருக்கேன், அகலம் 2 அடி. அதுக்கு இன்னொரு கேனிஸ்டர் வாங்கி ரெண்டையும் சேர்த்து ஓட்டப் போறேன், ஒண்ணு கழுவறப்ப இன்னொண்ணு ஓடிட்டு இருக்கும்ல. புதுசுல கூட வர்ற ரிங்குல பாதிய எடுத்துட்டு, இதுல 14 மாசம் ஊறின ரிங்க போட்டு ஆரம்பிக்கலாம்னு அந்தத் தம்பிதான் சொன்னான், ஆறு வாரம் காத்திருக்க வேண்டியதில்லையாம். பழைய ரிங்க டேங்க் தண்ணியோடவே ஒரு பக்கெட்ல போட்டு, காய விடாம மாத்தணும்னும் சொல்லியிருக்கான். பக்கெட் ரெடியா வச்சிருக்கேன். போட்டு ரெண்டு வாரம் தினமும் டெஸ்ட் பண்ணி, குழாய் என்ன கலர் காமிச்சுதுன்னு இதுக்குக் கீழயே எழுதறேன்.